வெளிநாட்டுக் கொம்பனி ஊருக்குள் வேலைக்கு வந்தால்: ஒரு கிராமத்துக்கான முழு வழிகாட்டி

வீதியோரத்தில் ஒரு நாள் காலையில் சிவப்புப் பெயின்ற் பூசிய முளைகள் அடித்திருக்கும். யார் அடித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு கிழமை கழித்துத் தொப்பி போட்ட இரண்டு பேர் முக்காலியில் கருவி வைத்து அளப்பார்கள். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் ஒன்றும் நடக்காது, ஊரும் மறந்துவிடும். அப்புறம் ஒரே நாளில் மண் தோண்டும் பெக்கோவும் மண் ஏற்றும் டிப்பரும் வந்து நிற்கும்.

நாம் விழித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கடைசி நாளில்தான். ஆனால் கேட்டு வாங்க வேண்டியவற்றில் பாதி அதற்கு முன்பே முடிவாகி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் விழுந்திருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில் எங்கள் ஊரால் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி றோட்டுப் போட்டது. நாங்கள் பிந்தித்தான் விழித்தோம். என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வேலை நடக்க நடக்கத்தான் படித்தோம். அதை ஒழுங்காக எழுதி வைத்தால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அடுத்து முளை அடிக்கப்படுகிற ஊருக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எது கடமை, எது கொடை என்று பிரியுங்கள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றதும் கண்ணுக்கு முன்னால் வருவது பாடசாலைக்குக் கொடுத்த கதிரையும் திருவிழாவுக்குப் போட்ட தண்ணீர்ப் பந்தலும்தான். கொம்பனியும் அதைத்தான் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பும். அவை நல்ல காரியங்கள், மனமுவந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்குக் கீழே இரண்டு அடுக்கு இருக்கிறது.

அடியில் இருப்பது சட்டமும் ஒப்பந்தமும். புழுதிக்குத் தண்ணீர் அடிப்பது, தொழிலாளிக்குச் சேமலாப நிதி கட்டுவது, கிரவல் அள்ளிய குழியைச் சீர்செய்வது, டிப்பர் ஓடி உடைத்த ஊர் றோட்டைத் திருத்துவது எல்லாம் இந்த அடுக்கு. இதற்கான செலவை விலை கோரும்போதே கொம்பனி கணக்கில் சேர்த்திருக்கும். ஆகவே தண்ணீர் பவுசர் வரவில்லை என்று கேட்பது உதவி கேட்பதாகாது. காசு கொடுத்த வேலையைச் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நடுவில் இருப்பது கடன் அல்லது நன்கொடை கொடுத்தவரின் விதிகள். உலக வங்கிக்கு 2018 முதல் நடைமுறையில் உள்ள சுற்றாடல், சமூகச் சட்டகம் ஒன்று உண்டு. அதில் பத்து நியமங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் யப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவுக்கும் தனித்தனியே பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் பேசாத சில விடயங்களை இவை பேசும்.

மேல் அடுக்குத்தான் கொடை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்று வருடச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இலங்கையில் அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. எனவே மேல் அடுக்கில் கேட்கலாம், வற்புறுத்த முடியாது. கீழ் இரண்டு அடுக்கிலும் வற்புறுத்தலாம். நூறு கதிரை வந்த சந்தோஷத்தில் கீழ் அடுக்கை மறந்துபோன ஊர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது.

2. யாருடைய காசு, யாருடைய வேலை என்று கண்டுபிடியுங்கள்

ஒரு றோட்டு வேலையில் ஐந்து கை இருக்கும். காசு கொடுக்கும் நாடு அல்லது வங்கி ஒன்று. வேலையின் சொந்தக்காரர் வீதி அபிவிருத்தி அதிகார சபை போன்ற அரச நிறுவனம். மூன்றாவது, மேற்பார்வைக்கு அமர்த்திய ஆலோசனை நிறுவனம். இதை ஊரில் கொன்சல்டன்ட் என்பார்கள். நான்காவது கொந்தராத்து எடுத்த கொம்பனி. ஐந்தாவது அதனிடமிருந்து துண்டு துண்டாக வேலை வாங்கும் சப் கொந்தராத்துக்காரர். ஊர்க்காரர் சண்டை பிடிப்பது எப்போதும் ஐந்தாவது ஆளோடுதான், ஏனென்றால் அவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். தீர்மானம் எடுக்கும் கை மூன்றாவதும் இரண்டாவதும்.

நம் இரண்டு மாவட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலமும், பாதை என்னும் மிதவையில் வாவி கடந்துகொண்டிருந்த சனத்துக்கு 2014இல் கிடைத்த மண்முனைப் பாலமும் யப்பான் உதவி. சுனாமிக்குப் பிறகு அறுகம்குடாப் பாலத்தைக் கட்டித் தந்தது அமெரிக்க உதவி. செங்கலடி–பதுளை வீதிக்குச் சவூதி அபிவிருத்தி நிதியமும் ஒபெக் நிதியமும் கடன் கொடுத்தன. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த திட்டத்துக்குப் பின்னால் ஆசிய அபிவிருத்தி வங்கி இருக்கிறது. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதி, ஒவ்வொரு முறைப்பாட்டு வழி. காசு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது?

வேலைத்தளப் பெயர்ப்பலகையை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள். பலகை இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. அதன் 9ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அதன் விபரத்தை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உள்நாட்டு நிதியென்றால் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தாலே போதும். நாம் கேட்கும் முன்பே வர வேண்டிய தகவல் இது.

வராவிட்டால் வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம், உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் நாட்டின் பிரசைகளாக இருந்தால் சரி. ஒப்பந்தத்தோடு சேர்ந்த சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம், மேற்பார்வை நிறுவனத்தின் பெயர், முறைப்பாட்டுக் குழுவில் இருப்பவர்களின் பதவிகள், விலைப்பட்டியலில் புழுதிக்கும் வீதிப் பாதுகாப்புக்கும் ஒதுக்கிய செலவினங்கள் ஆகியவற்றைக் கேட்டால் போதும். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

3. வேலை தொடங்கும் முன் ஊரைப் பதிந்து வையுங்கள்

இந்தப் படி மிகவும் எளிது. ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை. பின்னால் 'இந்த வெடிப்பு முன்பே இருந்தது' என்று கொம்பனி சொன்னால் நம்மிடம் மறுமொழி இருக்காது.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். வீதியோர வீடுகளின் சுவர், மதில், கிணற்றுக்கட்டு எல்லாவற்றையும் திகதி தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். கிணறுகளில் தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். டிப்பர் ஓடப்போகும் உள்வீதிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் வட்டைக்காரரை, அதாவது அந்த வயல்வெளியில் பயிர் செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். மாரியில் எந்தப் பக்கத்தால் வெள்ளம் வருகிறது, எந்த மதகால் வடிகிறது, எந்த வருடம் எது வரை ஏறியது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதைத் தாளில் படமாக வரைந்து, வயது போனவர்கள் நாலைந்து பேரின் கையெழுத்தோடு, கொன்சல்டன்ட் ஒபிசில் ஒரு பிரதி கொடுத்து, மற்றப் பிரதியில் கிடைத்ததாகக் கையொப்பம் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

4. சுற்றாடல் அறிக்கையைப் படியுங்கள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை நம் நாட்டில் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வந்தது. முழு மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் காலம் கொடுப்பார்கள். பத்திரிகையில் அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாள் என்று எண்ணிக்கொண்டு எழுதினால் பிந்த மாட்டீர்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால் தமிழ்ப் பிரதியைப் பார்க்கலாம்.

கடலோர ஊர்கள் இந்தப் படியை ஒருபோதும் தாண்டிப் போகக்கூடாது. ஏன் என்று ஒலுவிலைப் பார்த்தால் விளங்கும். 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்த துறைமுகம் அது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலைதடுப்புச் சுவர் இரண்டைக் கடலுக்குள் நீட்டியபோது அந்த ஓட்டம் மறிபட்டது. ஒரு பக்கத்தில் மணல் சேர்ந்து துறைமுக வாயை அடைத்தது, வள்ளங்கள் உள்ளே முடங்கின. மறுபக்கத்தில் மணல் வராத கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. ஒலுவிலின் வடபுறமும் நிந்தவூரும் தென்னந்தோப்பையும் மீனவர் வாடிகள் நின்ற நிலத்தையும் இழந்தன. மணலைத் தோண்டி வாயைத் திறக்கச் சொல்லி மீனவர் ஒரு பக்கம், கரை போகிறது என்று காணிக்காரர் மறுபக்கம். இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். ஒரே கரையில் வாழ்கிற சனம் இப்படி ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கட்டிய கொம்பனி வரைபடத்தில் இருந்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். கரை அரிப்பு பத்து வருடம் கழித்தும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே கடலில் கல் போடும் எந்த வேலையானாலும் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: மணல் எந்தப் பக்கம் தேங்கும், எந்தப் பக்கம் அரிக்கும், கட்டி முடித்த பிறகு மணலை அள்ளிப் போடும் செலவை வருடாவருடம் யார் ஏற்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த அறிக்கை முடியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

5. காணி போகிறதென்றால்

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல்கள் வரிசையாக வரும். 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அளக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 7ஆம் பிரிவு அறிவித்தல் உரிமைக்கும் நட்டஈட்டுக்கும் கோரிக்கை வைக்கச் சொல்வது, இதைத் தவறவிட்டால் பெரிய சங்கடம். 38ஆம் பிரிவின் கீழ் அவசரம் என்று சொல்லி நட்டஈடு தீருமுன்பே காணியைக் கையேற்கவும் முடியும். அப்படி வந்தால் அன்றே பயிர், மரம், கிணறு, வேலி எல்லாவற்றையும் கிராம சேவகர் முன்னிலையில் எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் யுத்தத்திலும் வெள்ளத்திலும் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். உறுதி இல்லையே என்று ஒதுங்கிப் போகாதீர்கள். 2001இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை, ஆவணம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. கடன் கொடுக்கும் வங்கிகளின் விதிகளும் அதே பக்கம் நிற்கின்றன.

6. முதல் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்

கொம்பனி ஒரு அறிமுகக் கூட்டம் வைக்கும். பிஸ்கட், தேநீர், பெரிய திரையில் படம். அதற்கு முதல் நாள் நீங்கள் ஒரு கூட்டம் வைத்துவிடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கோயில் சபை என்று ஐந்தும் ஒரு மேசையில் இருக்க வேண்டும். வாய்க்கால் பக்கத்து முஸ்லிம் கிராமத்துக்கும் போகிறதென்றால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையையும் கூப்பிடுங்கள். தனித்தனியாகப் போனால் ஒரு ஊருக்கு ஒன்று சொல்லி மற்ற ஊருக்கு வேறொன்று சொல்லும் நிலை வரும். ஒரே மதகால் தண்ணீர் வடிகிற இரண்டு ஊருக்கு அது நல்லதல்ல.

கூட்டத்தில் பெண்களைப் பேச வையுங்கள். எங்கள் ஊரில் டிப்பர் ஓடும் நேரத்தைப் பாடசாலை விடும் நேரத்தில் நிறுத்த வேண்டும் என்ற யோசனை ஒரு தாயிடமிருந்துதான் வந்தது. ஆண்கள் அதுவரை கிரவல் விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சொன்னதையெல்லாம் கூட்டக்குறிப்பாக எழுதி அன்றே இரு தரப்பும் கையொப்பம் வையுங்கள். வாய்ப்பேச்சு எஞ்சினியர் மாறும் நாள் வரைதான் நிற்கும். வெளிநாட்டு எஞ்சினியர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

7. வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது

புழுதி. தண்ணீர் பவுசர் எத்தனை மணிக்கு வந்தது என்று வீதியோரக் கடைக்காரர் ஒருவர் கொப்பியில் எழுதினால் போதும். 'தண்ணீர் அடிப்பதே இல்லை' என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். 'கடந்த 14 நாளில் 5 நாள்தான் வந்தது, திகதிகள் இவை' என்று கொடுத்தபோது மறுநாளே பவுசர் வந்தது.

கிரவலும் மணலும். தோண்டும் இடம் எதுவானாலும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் வேண்டும். 'நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், யார் தோண்டினார்கள் என்று தெரியாது' என்று கொம்பனி சொல்லும். உரிமத்தின் பிரதியைக் கேளுங்கள். முந்தனை ஆற்றில் அள்ளிய மணலானாலும் காட்டோரத்தில் தோண்டிய கிரவலானாலும் கேள்வி அதேதான். தோண்டி விட்ட குழி மாரியில் குளமாகிவிடும், ஆழம் தெரியாமல் பிள்ளைகள் குளிக்க இறங்குவார்கள். சரிவாக வெட்டி நிரப்பாமல் ஒரு குழியையும் விட்டுப்போக இடம் கொடுக்காதீர்கள்.

இனி மதகுக் கதை. எங்கள் வட்டைக்கு வடிகால் ஒன்றுதான். அதன் மேல் பழைய கல் மதகு இருந்தது. அதை உடைத்துப் புதிதாகப் பெட்டி மதகு கட்டினார்கள், அகலமாக, அழகாக. நாங்களும் சந்தோஷப்பட்டோம். கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மேற்குப் பக்க வயலில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. ஐந்தாம் நாளும் தண்ணீர் இறங்கவில்லை.

மதகு பழையதைவிட உயரத்தில் இருக்கிறது என்று விவசாயிகள் சொன்னார்கள். கொம்பனியின் எஞ்சினியர் வரைபடத்தை விரித்து, மட்டம் சரி என்றார். அப்போது எங்கள் ஊர் மேசன் ஒருவர் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். பழைய மதகின் அடிக்கல் ஒன்று கரையில் பெயராமல் அப்படியே கிடந்தது. குழாயின் ஒரு முனையை அந்தக் கல்லுக்கு மேல் பிடித்தோம், மறுமுனையைப் புதிய மதகின் அடித்தளத்தில் ஊன்றிய தடியில் கட்டினோம். குழாய்க்குள் காற்றுக்குமிழி போகும் வரை பொறுத்து, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு அளந்தார். பதினொரு அங்குல வித்தியாசம். மேற்பார்வை எஞ்சினியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கித் தானே ஒருமுறை குழாயைப் பிடித்துப் பார்த்தார். அவர் ஒரு வெளிநாட்டுக்காரர், வயது போன மனிதர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அளவெடுத்தது ஆவணியில். வடிகால் வறண்டு, மண் தூர்ந்து, புல் மூடிக் கிடந்த காலம். தூர்ந்த மண்ணின் மேல்மட்டத்தையே வாய்க்காலின் அடி என்று எழுதிவிட்டார்கள். அன்று எங்கள் கமக்காரர் அமைப்பின் மூத்தவர் என்னிடம் சொன்னது மறக்காது: "தண்ணி எந்தப் பக்கத்தால போகும் எண்டு எங்கக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே, மனே." கேட்கவில்லை என்பது உண்மை. நாங்களாகப் போய்ச் சொல்லவும் இல்லை. மூன்றாம் படியில் சொன்ன அந்தத் தாள் இருந்திருந்தால் அந்த வருடப் பெரும்போகம் தப்பியிருக்கும்.

8. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக

ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். என்ன வேலை, எந்த நிபந்தனையில் என்றும் கேட்க வேண்டும். நாட்கூலியாக இருந்தாலும் சேமலாப நிதி உண்டு: தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். சம்பளத் துண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கட்டவில்லையென்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய அந்தத் துண்டுதான் சாட்சி.

சப் கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவர்களைத் தங்களுக்குத் தெரியாது என்று பெரிய கொம்பனி சொல்லும். சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனம் வெளியிட்டு உலகெங்கும் பெருமளவில் பாவிக்கும் ஃபிடிக் ஒப்பந்த மாதிரியில், சப் கொந்தராத்துக்காரரின் செயலுக்குத் தன் செயலைப் போலவே பிரதான கொந்தராத்துக்காரர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் 2011இல் ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளும் இதையொட்டியே பேசுகின்றன. சீன சர்வதேசக் கொந்தராத்துக்காரர் சங்கமும் தன் உறுப்பினர்களுக்குச் சமூகப் பொறுப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. எந்த நாட்டுக் கொம்பனியானாலும் இந்தப் பேச்சு புதிதல்ல.

விபத்து நடந்தால் கைச்செலவுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்ய வருவார்கள். எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கிடைக்க வேண்டியது வேறு.

9. கொடையை நீங்களே தெரிவு செய்யுங்கள்

கொம்பனி என்ன வேண்டும் என்று கேட்டால் உடனே வாசிகசாலை, தண்ணீர்த் தாங்கி என்று சொல்லிவிடாதீர்கள். யார் பராமரிப்பது, மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று முதலில் உங்களுக்குள் பேசுங்கள். மோட்டர் எரிந்துபோய்ச் சும்மா நிற்கும் தாங்கிகள் எத்தனையோ ஊரில் இருக்கின்றன.

என்னைக் கேட்டால் பயிற்சிதான் சிறந்த கொடை. பெக்கோ, ரோலர் ஓட்டப் பழகி என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் எடுத்த ஒரு பிள்ளை அடுத்த கொம்பனியிலும் வேலை கேட்கலாம். பரிசோதனைக் கூடத்தில் கொங்கிறீற்றுக் கட்டி உடைத்துப் பார்க்கும் வேலைக்கு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இருவரைச் சேர்த்தார்கள். ஏ.எல். கணிதம் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். கொம்பனி போன பிறகும் அந்தத் தொழில் அவர்களோடு இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு: தளம் மூடும்போது மிஞ்சும் பொருள். ஒபிஸ் கட்டடம், வேலிக்கம்பி, கல், குழாய். முன்கூட்டியே எழுத்தில் கேட்டால், காணிச் சொந்தக்காரரும் பிரதேச செயலகமும் ஒத்துக்கொண்டால், முன்பள்ளி ஒன்றுக்கு அது போதும்.

10. முறைப்பாடு செய்யும் வரிசை

முதலில் வேலைத்தளத்தில் உள்ள முறைப்பாட்டுப் புத்தகம். எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் மேற்பார்வை எஞ்சினியருக்குக் கடிதம். வீதியின் எத்தனையாவது கிலோமீற்றர், எந்தப் பக்கம், என்ன பாதிப்பு, எத்தனை குடும்பம் என்று நாலு வரி போதும். ஆத்திரத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம், ஆத்திரம் நியாயமாக இருந்தாலும்கூட.

அதற்கு மேல் பிரதேச செயலாளர் மட்டத்து முறைப்பாட்டுக் குழு. விடயத்தைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகார சபை, சுரங்கங்கள் பணியகம், தொழில் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் காசு கொடுத்தவரிடம் போகலாம். உலக வங்கியின் பரிசோதனைக் குழு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் பொறுப்புக்கூறல் பொறிமுறை, ஜைக்காவின் ஆட்சேப வழி எல்லாவற்றுக்கும் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும். ஆசிய அபிவிருத்தி வங்கிக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முதலில் அந்த வங்கியின் திட்டப் பிரிவிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கடன் கணக்கு மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகு போனால் எடுக்க மாட்டார்கள். கொம்பனி டென்மார்க், யப்பான் போன்ற நாட்டைச் சேர்ந்ததென்றால், ஓ.ஈ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பின் வழிகாட்டலின் கீழ் அந்த நாட்டிலேயே உள்ள தேசியத் தொடர்பு மையத்திலும் முறைப்பாடு செய்யலாம்.

இதெல்லாம் ஏழைக் கிராமத்துக்கு ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கொழும்பு–மாத்தறை அதிவேக வீதியைச் சொல்வேன். பாதை வழிமாறித் தங்கள் வீட்டின் மேலால் போகிறது, எங்களை யாரும் கேட்கவில்லை என்று கிராமத்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2004இல் நீதிமன்றம் அவர்களுக்குச் செவிகொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, சட்டப்படியான நட்டஈட்டுக்கு மேலதிகமாக இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அதே வீதி பற்றி ஆசிய அபிவிருத்தி வங்கிக்குப் போன முறைப்பாட்டில், வங்கி தன் சொந்த விதிகளைப் பின்பற்றவில்லை என்று அதன் மீளாய்வுக் குழுவே 2005இல் எழுதியது. வீதி நிற்கவில்லை. ஆனால் சனம் பேசியது பதிவாயிற்று, கணக்கும் சரி செய்ய வேண்டி வந்தது.

11. போவதற்கு முன் ஒரு மாரி

திறப்பு விழாவோடு கொம்பனியின் பொறுப்பு முடிந்துவிடாது. குறைதீர்க்கும் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும், வழக்கமாக ஒரு வருடம். அதுவரை கொம்பனிக்குக் கொடுக்க வேண்டிய காசில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஊருக்கு இருக்கும் மிகப் பெரிய பலம் அந்தக் காசுதான். அந்தத் திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ஐப்பசி முதல் தை வரை நம் மாரி. குறைதீர்க்கும் காலத்துக்குள் வரும் மாரியில், மழை கொட்டும் நாளில், குடையோடு வீதி முழுக்க நடந்து பாருங்கள். எந்த மதகில் தண்ணீர் தேங்குகிறது, எந்த வீட்டு வாசலுக்குள் வீதி வெள்ளம் இறங்குகிறது, எந்த இடத்தில் வீதியோரம் கரைகிறது என்று கிலோமீற்றர் கல் எண்ணோடு எழுதுங்கள். வெயிலில் நடந்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது, எஞ்சினியர்கள் நடப்பது பெரும்பாலும் வெயிலில்தான். பட்டியலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொன்சல்டன்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்து நடந்து பார்க்க ஒரு நாள் கேளுங்கள்.

எங்கள் பட்டியலில் பதினேழு இடம் இருந்தது. பன்னிரண்டைத் திருத்தினார்கள். முதல் வரியில் எழுதியது அந்த மதகு. அதை உடைத்துக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் பதினொரு அங்குலம் தாழ்த்தி இரண்டு ஹியூம் குழாய், அதாவது பெரிய கொங்கிறீற்றுக் குழாய், பதித்துக் கொடுத்தார்கள். அடுத்த கார்த்திகையில் மழை பிடித்த மூன்றாம் நாள் இரவு டோர்ச் லைட்டோடு நாலு பேர் போய்ப் பார்த்தோம். குழாய் இரண்டும் நிறைந்து சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தன.